மின்னேற்றிக்கு ஒரு சுவர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். தூரத்தில் நின்று கேட்டால் இந்தக் கதை பயமுறுத்தும், கிட்டே இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. தன் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்ட இடம் கேட்டுப் போன மனிதருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லப்போகிறேன். நடுவில் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், பயந்த மனிதர். நின்றுகொண்டிருக்கிற காரில் தானாகப் போய் இடித்துக்கொண்டாலும் காரிடம் மன்னிப்புக் கேட்பார். கடைக்கு வருகிறவர்கள் பலகையில் உள்ள எழுத்தைத் தப்பாகப் படித்தால், "அப்படியும் படிக்கலாங்க" என்று சொல்லிவிட்டு வேறு கண்ணாடியை மாட்டிவிடுவார்.

அவர் வீட்டில் மனைவியும் மகளும். மகளுக்கு நிறைமாதம். மருமகன் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன், பிரசவத்துக்கு வந்து சேரமுடியாது. அதனால் கப்பலேறுவதற்கு முன்பே ஒரு மின்சாரக் காரை வாங்கி மாமனார் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாமா, வலி வந்ததும் இதுல ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. ஷெட்டுல ஒரு சார்ஜர் மாட்டிக்குங்க. வண்டியில சார்ஜ் மட்டும் குறையாம பார்த்துக்குங்க, அது போதும்."

அது போதும் என்றுதான் அவரும் நினைத்தார். குழந்தை வயிற்றுக்குள் குறுக்காகக் கிடந்தது. ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் ஏறித் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போகவேண்டும். "வலி எடுத்தா உடனே வந்துடணும். கொஞ்சம் தாமதமானாலும் ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இப்பவே படுக்க வைக்க இங்க கட்டில் இல்ல" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் நடக்கும்போதெல்லாம் காரின் சாவியைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எலக்ட்ரீஷியன் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். திருப்புளியின் பிடியால் இடது சுவரைத் தட்டினார்.

"இங்கதான் சார். மெயின் பெட்டி பக்கத்துலயே இருக்கு. கார்ல சார்ஜ் போடற வாயும் இந்தப் பக்கம்தான் திறக்குது. சாமானோட வந்து மாட்டிடறேன். நீங்க வாரியத்துல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லணுமா, கேக்கணுமா?"

"சொன்னாப் போதும் சார்."

இங்கேதான், கண்ணுகளா, அந்த மனிதர் தப்பு செய்தார். வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய வாரியத்தில் போய்ச் 'சொல்வது' கொஞ்சம் திமிராகத் தெரியுமோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மரியாதையாகக் கேட்டுவிடுவோமே என்று முடிவு செய்தார்.

மின்னேற்றி என்றால் சார்ஜர்தான். மின்னேற்றி இடத் தேர்வு வாரியம் ஒரு நீளமான கட்டடம். காத்திருக்கும் கூடத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் யாரும் சுவரில் சாயவில்லை. எல்லாரும் பெஞ்சின் நுனியில் முதுகை நிமிர்த்தி, சுவரைத் திரும்பிப் பார்க்கவும் பயந்தவர்கள் போல இருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவர் திரும்பிப் போயிருக்கவேண்டும். போகவில்லை. வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்து, உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வீட்டு ஷெட்டுல சார்ஜர் மாட்டணுங்க. எங்க மாட்டட்டும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே தட்டச்சுச் சத்தம் நின்றது. பக்கத்து மேஜைக்காரர் டீ தம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றார் ஜன்னல் அம்மா.

"எங்க மாட்டட்டும்னு..."

"மறுபடியும் கேக்காதீங்க. இன்ன சுவர்ல மாட்டறேன்னு சொல்லியிருந்தா முத்திரையைக் குத்தி அனுப்பியிருப்பேன். எங்கேன்னு கேட்டுட்டீங்க. இனிமே இடத்தை வாரியம்தான் கண்டுபிடிக்கணும்."

"நான் கேக்கலைன்னு வச்சுக்கலாமாங்க?"

"இவ்வளவு பேர் காதுல விழுந்துடுச்சே." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வீட்ல குழந்தைங்க இருக்கா?"

"இனிமேதாங்க வரப்போகுது."

அந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டு ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வீட்டில் மனைவி கேட்டார்: "உங்களை யாருங்க கேக்கச் சொன்னா?"

"ஒரு மரியாதைக்குக் கேட்டேன்."

"நம்ம சுவர், நம்ம பெட்டி, நம்ம கார். இதுல மரியாதை எங்கேர்ந்து வந்துச்சு? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இப்படித்தான், எங்க உட்காரட்டும்னு கேட்டு நின்னுக்கிட்டே இருந்தீங்க."

"அம்மா, சிரிக்க வைக்காதே, வயிறு இழுக்குது" என்றாள் மகள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு நீளப் பை. அதற்குள்ளிருந்து கறுப்பு வெல்வெட்டில் சுற்றிய எதையோ எடுத்தார்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க."

நின்றார்கள். மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெல்வெட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு கை. மரத்தில் செதுக்கிய கை, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும். நகம்கூடச் செதுக்கியிருந்தது. மெருகு போட்டு மெருகு போட்டு அது உயிருள்ள தோல் மாதிரி பளபளத்தது.

"இதுதான் வாரியக் கை. முதல் தலைவரோட கை அளவு."

"அவர் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார் மனைவி.

"காலமாயிட்டார். கை மட்டும் பணியில இருக்கு."

முதல் தலைவர் ஸ்டூல் போடாமலே மின்விசிறியைத் துடைக்கக்கூடியவராம். அவ்வளவு நீளம் அந்தக் கை. "எந்த அபாயத்துக்கும் மின்னேற்றிக்கும் நடுவுல ஒரு கை இடைவெளி வேணும். சட்டம் அவ்வளவுதான், ரொம்ப எளிமையான சட்டம்" என்றார் ஆய்வாளர்.

இடது சுவரின் முன் நின்றார். "இதுக்குப் பின்னால?"

"சமையலறைங்க."

"நெருப்பு." பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார். அதில் ஒரு மண்டையோடு, அதன்மேல் பாயும் மின்னல், 'அபாயம். தொடாதே. பிய்ப்பவர் மேல் வழக்குப் பாயும்' என்ற எழுத்து. ஒட்டிய வேகத்தில் பின்னால் ஒரு தாவு தாவினார். கண்ணாடிக்காரரும் கூடவே தாவினார்.

"நீங்க ஏன் தாவறீங்க? வாரியத்தைச் சேர்ந்தவங்கதான் ஸ்டிக்கருக்கு ஒரு கை தூரத்துக்குள்ள நிக்கக் கூடாது. வீட்டுக்காரங்க நிக்கலாம்."

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகும். ஆனா அது எங்க பொறுப்பு இல்ல."

வலது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. "தண்ணி" என்று ஒட்டினார், தாவினார். பின்சுவரில் ஒரு ஜன்னல். "காத்து" என்றார்.

"காத்துமா அபாயம்?" என்று மனைவி கேட்டார்.

"நெருப்பும் அபாயம், தண்ணியும் அபாயம். காத்து மட்டும் எங்களுக்குச் சொந்தக்காரனா?"

அப்புறம் வீட்டில் இருந்த சாதாரண பிளக்குகளைத் தேடிப் போய் ஒவ்வொன்றின் வாயிலும் ஒட்டினார். வீட்டுக்காரர்கள் பொறுக்கமாட்டாமல் காரின் ஒயரை அதில் சொருகிவிடுவார்களாம். தெருமுனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சார்ஜர் இருந்ததே, அதை உபயோகித்துக்கொள்ளலாமா என்று கண்ணாடிக்காரர் பயந்து பயந்து கேட்டார்.

"அதை மூடியாச்சு. அது சரியான இடத்துலதான் இருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்கோம். ஊர்ல இருக்கற எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கோம்."

"என் பொண்ணுக்குப் பிரசவம் சார். குழந்தை குறுக்கால இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சுடுங்களா?"

ஆய்வாளர் மரக்கையை வெல்வெட்டில் சுற்றினார். "ஏரிக்கரை ரோட்டுல ஒருத்தர் இப்படித்தான் கேட்டார், எங்க மாட்டட்டும்னு."

"வீடு எரிஞ்சுடுச்சா?"

"எரியல. கோப்பு முடியல. ஒரு நாள் போய்ப் பார்த்தா வீட்டுக்காரங்க யாரும் இல்ல. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியாது. இப்ப அந்த வீட்ல கோப்புதான் குடியிருக்கு."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் காரில் ஏறி உட்காருவார். சாவியைத் திருப்புவார். முன்னால் இருக்கிற திரை விழித்து, சார்ஜ் எவ்வளவு என்று பச்சைக் கோடுகளில் காட்டும். நிம்மதியாக இறங்குவார். ஷெட் கதவு வரைக்கும் போவதற்குள் சந்தேகம் வந்துவிடும், திரும்பிவந்து மறுபடி பார்ப்பார். இப்படிப் பார்த்துப் பார்த்தே கொஞ்சம் சார்ஜ் குறைந்தது. பச்சைக் கோடு மஞ்சளானது. மஞ்சளானதும் பயம் அதிகமாயிற்று, அதனால் இன்னும் அடிக்கடி பார்த்தார், மஞ்சளும் சிவப்பாகத் தொடங்கியது.

"வண்டியில ஏறி உட்கார்ந்தே ஆஸ்பத்திரி போயிட்டு வந்துடுவீங்க போல" என்றார் மனைவி. சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆய்வாளர் மறுபடியும் வந்தார். மறுபடியும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இந்த முறை அவர் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. மரக்கையின் தோளைச் சிவப்பு ஸ்டிக்கரில் வைத்து, விரல் நுனி தொடுகிற இடம் வரைக்கும் அளந்தார்.

"இந்த இடமும் ஆகாது. பக்கத்துல அபாயம் இருக்கு."

"என்னங்க அபாயம்?"

"அபாயம்னு ஒட்டியிருக்கே."

"அது நீங்க ஒட்டினதுங்க."

"யார் ஒட்டினாங்கங்கிறதை விடுங்க. அபாயம்னு போட்டிருக்கா, இல்லையா?"

"போட்டிருக்குங்க."

"போட்டிருந்தா அபாயம்தானே. நீங்க பலகையில எழுத்துக் காட்டறவர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஆகாத அந்த இடத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு அதிலிருந்து அளந்தார். அந்த இடமும் ஆகாமல் போயிற்று. இப்படியே ஷெட் முழுக்க அம்மை போட்டது போல ஆனது. ஷெட்டில் இடம் தீர்ந்ததும், "வீட்டுக்குள்ள பார்ப்போம்" என்றார். கூடத்துக்கு வந்தார், சமையலறைக்குப் போனார். மரக்கை முன்னால் போக அவர் பின்னால் போனார். அது தன்னை ஒருநாள் பிடித்துவிடப் போகிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது நீளும் பக்கமெல்லாம் அவர் ஒதுங்கி ஒதுங்கி நின்றார்.

அடுப்பின் பக்கத்திலும் ஒன்று ஒட்டியாயிற்று. "இனிமே சமைக்கலாமா கூடாதா?" என்று கேட்டார் மனைவி.

"சமைக்கலாம். ஆனா அடுப்புக்கிட்ட போகாதீங்க."

சாயங்காலம் வாரியத்தார் தெருமுனையில் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டார்கள். வாடகைக் கார்காரருக்குப் போன் செய்தால், "அந்த நாடாவைத் தாண்டி வரமாட்டேங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். ஆம்புலன்ஸில் கேட்டாலும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். நிறைமாதத்தில் மகளைத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்கே பின்வாசல் வழியாகப் போய் வந்தார்.

இடது சுவர்தான் சரி என்று எலக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை வந்து சொன்னால் நன்றாக இருக்குமே என்று கண்ணாடிக்காரர் அவரைத் தேடிப் போனார். கடைத்தெருவில் பார்த்தார். எலக்ட்ரீஷியன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டிருந்தார்.

"சார், நான் உங்க வீட்ல எந்தச் சுவரையும் காட்டல."

"திருப்புளியால தட்டிக் காட்டினீங்களே."

"தட்டினேன். கொசு அடிச்சேன். வாரியத்துல கூப்பிட்டு விசாரிச்சாங்க, கொசுன்னுதான் சொல்லியிருக்கேன். அந்தக் கொசு எந்தச் சுவர்ல உட்கார்ந்திருந்ததுன்னும் கேட்டாங்க சார். எனக்கு ஞாபகம் இல்லைன்னுட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டாள். எலக்ட்ரீஷியன் சுற்றும்முற்றும் பார்த்தார். கையை வெளியே எடுக்கவில்லை. மூக்கை மட்டும் லேசாக ஒரு பக்கம் அசைத்தார். அந்தப் பெண் புரியாமல் வேறு பக்கம் போனாள்.

கடைசியில் முழு வாரியமும் வீட்டுக்கு வந்து உட்காரும் என்று தகவல் வந்தது. காலையில் வந்தார்கள். தலைவர் குள்ளமானவர், கோட்டு போட்டிருந்தார். பின்னால் உறுப்பினர்கள் கும்பலாக, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கர்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த சந்துகளில் நெளிந்து நெளிந்து வந்தார்கள். உட்கார நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். போட இடம் இல்லை. ஆகவே ஸ்டிக்கர் ஒட்டாமல் மிச்சம் இருந்த ஒரே அறையில், மகள் படுத்திருந்த கட்டிலைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றார்கள். மகள் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நம்ம ஊர்ல ஒரு மின்னேற்றி விபத்துகூட நடந்தது கிடையாது. எப்படி முடிஞ்சுது? ஒரு மின்னேற்றியைக்கூட நாங்க மாட்ட விடல. பாதுகாப்புன்னா இதுதான் பாதுகாப்பு. பக்கத்து ஊரைப் பாருங்க. கண்ட சுவர்ல மாட்டறாங்க. என்ன ஆச்சு? கார் ஓடுது. ஓடற கார் எங்க போய் நிக்கும்னு யாராவது சொல்ல முடியுமா? ஓடாத காரைப் பத்தி நான் சொல்லுவேன், அது எங்கேயும் போகாது."

உறுப்பினர்கள் சத்தம் வராமல் கை தட்டினார்கள்.

"இவ்வளவு பாடுபட்டு இன்னிக்கு இடத்தைக் கண்டுபிடிச்சாச்சு." தலைவர் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். மகளின் தலைக்கு நேர் மேலே. "அபாயம் இல்லாத ஒரே இடம் இதுதான்."

கண்ணாடிக்காரர் ஷெட் பக்கம் கை காட்டினார். "கார் ஷெட்டுல இருக்குங்க."

"ஒயர் எட்டணும்னா கார் இங்க வரணும். அந்தச் சுவரை இடிச்சு உள்ள கொண்டுவந்துடலாம்."

"கட்டில்?"

"எடுத்துடலாம்."

"என் பொண்ணு எங்கங்க படுப்பா?"

தலைவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் மரக்கையை நீட்டி மகளின் தோளிலிருந்து நாலு பக்கமும் அளந்தார். மர விரல் அவள் கன்னத்தை உரசியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லா அபாயத்துல இருந்தும் ஒரு கை தள்ளிப் படுக்கணும்னா, இந்த வீட்ல இடம் இல்லீங்க தலைவரே. வெளியிலதான்."

"வெளியில எங்க?" என்றார் மனைவி.

"மின்னேற்றிக்கு இடம் பார்க்கறதுதாம்மா எங்க வேலை. மனுஷங்களுக்கு இல்ல."

அப்போது மகள் மெதுவாக, "அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கை போர்வையைக் கசக்கியிருந்த விதத்தைப் பார்த்து மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"வலி வந்துடுச்சுங்க."

"கூட்டம் முடியறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் மனைவியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். திருப்பினார். திரை சிவப்பாக ஒரு தரம் விழித்தது. பிறகு, தூக்கம் கலைந்து திரும்பப் படுப்பவரைப் போல அணைந்தது. பாலம் இருக்கட்டும், நாடா கட்டியிருந்த தெருமுனைக்குக்கூட அது போகாது. உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. இப்போது மெதுவாக இல்லை.

தலைவரிடம் ஓடிவந்தார். "உங்க வண்டி வாசல்ல நிக்குதுங்க. அதுல கொஞ்சம்..."

"தாராளமா. ஆனா வாரிய வண்டி எங்க நிக்கணும், எங்க போகணும்கிறதை வாரியம் கூடித்தான் முடிவு பண்ணணும். இந்தக் கூட்டத்தை முடிச்சுட்டு அதுக்கு ஒரு கூட்டம் போட்டுடலாம். தேதி பார்க்கச் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் திரும்பவும் ஷெட்டுக்குப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று கேட்காதீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. பிளக்கில் ஒயரைச் சொருகிவிட்டால் கார் உடனே எழுந்துவிடும் என்று பயத்தில் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். மெயின் பெட்டிக்குக் கீழே இருந்த பிளக்கின் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினார். மூன்று நான்கு முறை வழுக்கியது. பிறகு 'சர்ர்ர்' என்று வந்துவிட்டது.

அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அறைக்குள் பேச்சு நின்றது. ஆய்வாளர் ஓடிவந்து பார்த்து, அப்படியே கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பிய்த்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்குச் செய்தது உறைத்தது. வழக்குப் பாயும். அந்த ஸ்டிக்கரைக் கீழே போடவும் பயம், கையில் வைத்திருக்கவும் பயம். தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய விளக்கைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் அதை முன்னால் நீட்டிப் பிடித்தபடி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தலைவரைப் பார்த்து நடந்தார்.

தலைவர் ஒரு கை தூரம் பின்னால் போனார்.

கண்ணாடிக்காரர் இன்னும் ஓரடி வைத்தார். உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே ஆளைப் போலப் பின்னால் போனார்கள். ஆய்வாளர் மரக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்.

மனைவிதான் முதலில் கண்டுகொண்டார். மகளை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு, கணவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நடங்க. நிக்காதீங்க. அப்படியே வாசலுக்கு நடங்க."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே நடங்க. யார் வேண்டாம்னா?"

நடந்தார்கள். கூட்டம் விலகி விலகி வழி விட்டது. வாசலில் வண்டிக் கதவை மறைத்துத் தலைவர் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் விரித்து. கண்ணாடிக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். குனிந்தபடி போய் ஸ்டிக்கரை வண்டியின் முகப்பில் ஒட்டிவிட்டார். கொஞ்சம் கோணலாக ஒட்டியது. அந்த நிலைமையிலும் அதை நேராக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

தலைவர் தாவிய தாவலில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. தூரத்தில் நின்றுகொண்டு ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். "இறங்குய்யா. வண்டியில அபாயம் ஒட்டியிருக்கு."

ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "நான் வாரியத்து ஆள் இல்லீங்களே தலைவரே, ஒப்பந்த ஆளு. பாதுகாப்பு விதி எதுவும் எனக்குப் பொருந்தாதுன்னு நீங்கதானே கையெழுத்து வாங்கினீங்க." பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கம்மா. மெதுவா. தலை, தலை பார்த்து."

தெருமுனை நாடாவை வண்டி அறுத்துக்கொண்டு போயிற்று. பாலத்தின் மேல் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முகப்பில் இருந்த மண்டையோட்டைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. மகள் தன் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் பிடி இறுகும்போதெல்லாம் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, போயிடுவோமா?"

பொய் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது. "பாலம் தாண்டிட்டோம்மா" என்றார். அது உண்மை.

பயத்தில் எதையாவது பேசவேண்டும் போல இருந்ததால் ஓட்டுநரிடம் கேட்டார்: "இதுவும் கரண்ட் வண்டி மாதிரி இருக்கே, எங்கங்க சார்ஜ் போடறீங்க?"

"தலைவர் வீட்லதான். வாரியம் வர்றதுக்கு முன்னாடியே மாட்டினது."

"எந்த இடத்துல?"

"ஷெட்டுல, இடது சுவர்ல. வேற எங்க மாட்டுவாங்க?"

ஆஸ்பத்திரியில் மகளைத் தள்ளுகட்டிலில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. கண்ணாடிக்காரரும் மனைவியும் நடைவழியில் நின்றார்கள். சுவரில் சாயலாம் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது. மனைவிதான் அவர் தோளைப் பிடித்துச் சாய்த்து நிறுத்தினார். அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் மனைவியும் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

திறந்தது. டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." கண்ணாடிக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கே உட்காரலாம் என்று யாரையும் கேட்கவில்லை.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மனைவி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பைக்குள் கைகளோடு வந்து நின்றார்.

"தம்பி, நீ எந்தச் சுவரையும் காட்ட வேண்டாம். கண்ணைக்கூட மூடிக்கோ. மாட்டினாப் போதும்."

குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் சார்ஜர் இடது சுவரில் இருந்தது. காரில் ஒயரைச் சொருகியதும் திரையில் பச்சையாக ஒரு கோடு எழுந்தது. வீடு எரியவில்லை. ஆனாலும் கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். தலைவரின் வண்டி இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. அதன்மேல் அபாயம் ஒட்டியிருப்பதால் வாரியத்தார் யாரும் கிட்டே போகமுடியவில்லை. ஸ்டிக்கரைப் பிய்க்கவும் முடியவில்லை, வழக்குப் பாயுமே. ஓட்டுநர் அதை வைத்துப் பிரசவத்துக்கு வருகிற பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

பயந்தபடியே ஒரு மத்தியானம் ஆய்வாளர் வந்தார். தனியாக, நீளப் பை இல்லாமல். நேராக ஷெட்டுக்குப் போய்ச் சார்ஜரின் முன் நின்றார்.

"இது..." என்றார் ஆய்வாளர்.

"அது அங்கதான் இருக்கு" என்றார் மனைவி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே.

ஆய்வாளர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கறதுல எங்களுக்கு வேலை இல்லம்மா. இல்லாததுக்குத்தான் நாங்க."

அப்படியானால் போகவேண்டியதுதானே? போகவில்லை. தெருவை எட்டிப் பார்த்தார். ஷெட் கதவைப் பாதி சாத்தினார். கண்ணாடிக்காரரின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், என் வீட்டுக்காரி ஒரு கார் வாங்கிட்டா. அவளும் முழுகாம இருக்கா. வாரியத்துக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுக்கு ஆய்வாளரை அனுப்பிடுவாங்க."

"ஆய்வாளர் நீங்கதானே சார்?"

"அதான் சார் பயமா இருக்கு."

கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்தார். அந்த மனிதரின் உதடு நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. தான் வாரியத்து ஜன்னலில் நின்றபோது தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டு, அவரைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். ஆய்வாளர் முதலில் தயங்கினார். பிறகு முதுகைச் சுவரில் மெல்ல வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"உங்க வீட்ல எங்க மாட்டினா நல்லா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அதுவரைக்கும் அந்த மனிதரிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை போலும். கடைசியில் சின்னக் குரலில் சொன்னார்:

"கதவோரம் ஒரு சுவர் இருக்கு சார். வண்டியை விட்டு இறங்கினதும் கைக்கு எட்டும்."

"அங்கயே மாட்டுங்க" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். குழந்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. பிடித்த கையை இப்போது விடலாம், விடாவிட்டாலும் சரிதான். உங்கள் வீட்டுச் சுவர்கள் உங்களைத் தாங்கட்டும். உங்கள் வீட்டு நிறைமாதப் பெண்கள் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்து, நிறைந்த மடியோடு திரும்பி வரட்டும். அளவுகோலோடு வருகிறவன் உங்கள் வாசலை மறந்து போகட்டும். வழி கேட்டு வருகிறவனுக்கு உங்கள் கதவு திறந்தே இருக்கட்டும். போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் தலை வைக்கப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்.